ராவாமல் மூடிய பால்பல்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்ப்பவள். பல் துலக்குவது எப்படி, எத்தனை முறை துலக்க வேண்டும் என்பதையெல்லாம் இன்றைக்கு நான் சொல்லப் போவதில்லை. குழந்தையின் பல்லுக்கு நாங்கள் செய்கிற வைத்தியம் சரியானதுதானா என்று எங்களுக்கே எப்படித் தெரிகிறது? யார் அதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"விழப்போற பல்லுதானே டாக்டர், அதுக்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. கேள்வி நியாயமானதுதான். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடுகின்றன. ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் அப்படி அல்ல. பத்து வயது, சில குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வயது வரைகூட அவை வாயில் இருக்க வேண்டும். நாலு வயதில் அதில் சொத்தை விழுந்தால், அந்தக் குழந்தை இன்னும் ஆறேழு வருஷம் அந்தப் பல்லோடுதான் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். பால்பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகம் முழுக்க ஏறத்தாழ 51 கோடிப் பேர் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது.

நான் படித்த காலத்தில் இதற்கு எங்களுக்குச் சொல்லித்தந்த வழி ஒன்றுதான். மரத்துப்போக ஊசி போடு, சொத்தையை முழுக்க ராவி எடு, பிறகு அடை. பெரியவர்களுக்குச் செய்வதை அப்படியே குழந்தைக்கும் செய்வது. நாற்காலியில் நாலு வயசுப் பிள்ளை ஊசியைப் பார்த்ததும் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா கையைப் பிடித்துக்கொள்ள, அப்பா காலைப் பிடித்துக்கொள்ள, ஒரு வழியாகப் பல்லை அடைத்து அனுப்பினால், அடுத்த ஆறு மாதத்தில் அடைத்தது விழுந்து, அந்தக் குழந்தை மறுபடி வந்து நிற்கும்.

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியிலோ பல்கலைக்கழகத்திலோ அல்ல, சாதாரண கிளினிக்கில் வைத்தியம் பார்த்தவர். அவரும் இதே சிரமத்தைப் பார்த்திருக்கிறார். பால் கடைவாய்ப்பல்லுக்கு என்றே தயாராக வரும் ஸ்டீல் கேப் அப்போதே பல காலமாகப் புழக்கத்தில் இருந்தது. வழக்கமாக ஊசி போட்டு, சொத்தையை எடுத்து, பல்லைச் சுற்றிலும் ராவிவிட்டுத்தான் அதை மாட்டுவார்கள். ஹால் ஊசியும் போடவில்லை, ராவவும் இல்லை. சொத்தையை அப்படியே உள்ளே விட்டு, கேப்புக்குள் சிமென்ட் நிரப்பி, பல்மேல் வைத்து அழுத்தி மூடிவிட்டார். 1980களின் பிற்பகுதியிலிருந்து இப்படிச் செய்துவந்தார்.

கேட்கும்போது உங்களுக்குப் பதறும். சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா? பல் மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் பதறினார்கள். ஆனால் சொத்தை உண்டாகும் விதத்தை யோசித்தால் இதில் ஒரு நியாயம் புரியும். பல்மேல் படியும் படலத்தில் கிருமிகள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் இனிப்பும் மாவுச்சத்தும்தான் அவற்றுக்குத் தீனி. அந்தத் தீனியைத் தின்று அவை அமிலத்தைச் சுரக்கின்றன, அமிலம் பல்லை அரிக்கிறது. மேலே காற்றுப் புகாமல் மூடிவிட்டால் வாயிலிருந்து தீனி உள்ளே போவதில்லை. அமிலம் சுரப்பது அடங்கிப்போகிறது, சொத்தை அங்கேயே நின்றுவிடுகிறது. பல்லின் உயிர்ப்பகுதியான கூழுக்கும் சொத்தைக்கும் நடுவில் இன்னும் ஆரோக்கியமான பல் பாக்கி இருக்கும் வரைக்கும் இது பலிக்கும். ஏற்கெனவே சீழ் வைத்திருந்தாலோ, ராத்திரி தூங்க விடாமல் தானாக வலித்தாலோ இந்த வழி கூடாது. அதனால்தான் மூடும் முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறோம்.

இதை நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். பற்கள் நெருக்கமாக இருந்தால் சில நாள் முன்பே பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை வைத்து அனுப்புவோம். பிள்ளை திரும்பி வரும்போது நூலிழை அளவு இடைவெளி விழுந்திருக்கும். குழந்தையைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைப்போம், கேப் நழுவித் தொண்டைக்குள் போய்விடக் கூடாது. பல்லின் அளவுக்கு ஏற்ற கேப்பைத் தேடி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமென்ட் நிரப்பி, விரலால் அழுத்துவோம். அப்புறம் மிச்ச வேலை குழந்தையுடையது. "எங்கே, நல்லா கடிச்சுக் காட்டு பார்க்கலாம்" என்றால், கடிக்கிற கடியில் கேப் தானே இறங்கி உட்கார்ந்துவிடும். ஓரத்தில் பிதுங்கும் சிமென்டைப் பஞ்சால் துடைக்க வேண்டும், அதன் ருசி பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஈறு கொஞ்ச நேரம் வெளுத்துப்போயிருக்கும். கடி சில வாரம் உயரமாக இருக்கும், பிறகு பற்கள் தாமாகவே சரிசெய்துகொள்ளும். வெள்ளிப் பல் முளைத்துவிட்டது என்று வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டும் பிள்ளைகள் உண்டு.

சரி, ஒரு மருத்துவர் தன் கிளினிக்கில் செய்து, தனக்குச் சரியாக வருகிறது என்று நினைப்பது போதுமா? போதாது. அவரவர் கைராசியை நம்பி நடந்த வைத்தியங்கள் எத்தனையோ பின்னால் தவறென்று தெரிந்திருக்கின்றன. நோர்னா ஹாலிடம் நான் மிகவும் மதிப்பது அவருடைய கைத்திறனை அல்ல, குறிப்பேட்டை. எந்தக் குழந்தைக்கு எந்தப் பல்லில் எந்தத் தேதியில் கேப் போட்டார், பிறகு அந்தப் பல் என்ன ஆனது என்பதெல்லாம் பதிவாகியிருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்து அலசினார்கள். 259 குழந்தைகள், 978 கேப்கள். பிடுங்க நேராமல் ஐந்து வருஷம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பது என்று கணக்கு வந்தது. 2006இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் இது வெளியானது. ஹாலும் அதன் ஆசிரியர்களில் ஒருவர்.

இதுவும் நிரூபணம் ஆகாது. பதிவேடு நடந்ததைச் சொல்லும். வேறு வைத்தியம் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஸ்டீல் கேப் 1950இல் அமெரிக்காவில் வந்தது. 2007இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்புக்காக ஆய்வுகளைத் தேடித் தொகுத்தவர்கள், பால்பல் கேப்பையும் அடைப்பதையும், யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முறையாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூடத் தேறவில்லை என்று எழுதினார்கள். ஐம்பத்தேழு வருஷம்! இத்தனை காலமாக உலகம் முழுவதும் குழந்தைகள் வாயில் மாட்டிய ஒரு பொருள். குழந்தைகளை ஆய்வுக்கு உட்படுத்துவது பாவம் என்று நினைக்கிறோம். ஆய்வு செய்யாமலே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பதை நாம் பாவமாக நினைப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆற்றாமை.

அந்தக் குறையைத் தீர்க்க டண்டீ குழு செய்த ஆய்வு அழகானது. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் 17 சாதாரணப் பல் மருத்துவர்கள், மூன்று முதல் பத்து வயது வரை 132 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே மாதிரிச் சொத்தை உள்ள இரண்டு பால் கடைவாய்ப்பற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்தப் பல்லுக்கு ஹால் கேப், எந்தப் பல்லுக்கு அந்த மருத்துவர் வழக்கமாகச் செய்யும் அடைப்பு என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் முடிவு செய்தது. ஒரே வாய், ஒரே எச்சில், ஒரே சாப்பாடு, ஒரே துலக்கல். வைத்தியம் மட்டும்தான் வேறு. அதனால் எது எதனால் என்ற குழப்பம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஐந்து வருஷக் கணக்கு 2011இல் வந்தது. நான்கு வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பார்க்க முடிந்தது 91 குழந்தைகளை. வலி, சீழ் மாதிரிப் பெரிய தோல்வி வழக்கமான அடைப்பில் நூற்றுக்கு 16.5, ஹால் கேப்பில் 3. அடைத்தது விழுவது, உடைவது போன்ற சின்னத் தோல்வி அடைப்பில் 42, கேப்பில் 5. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. "உனக்கு எது பிடித்தது?" என்று குழந்தையிடமே கேட்டார்கள். நூற்றுக்கு 77 குழந்தைகள் ஹால் முறையைச் சொன்னார்கள். பல் எத்தனை வருஷம் நின்றது என்று மட்டும் அளந்திருந்தால் அது பல்லைப் பற்றிய ஆய்வு. நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்கு எப்படி இருந்தது என்றும் கேட்டதால்தான் அது குழந்தையைப் பற்றிய ஆய்வானது.

குறை சொன்னவர்களும் உண்டு. அந்தக் கிளினிக்குகளில் அடைத்த விதம் பாடப்புத்தகத் தரத்துக்கு இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணர் அடைத்திருந்தால் இன்னும் நன்றாக நின்றிருக்கும் என்றார்கள். இருக்கலாம். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் போவது நிபுணரிடமா, தெருமுனை கிளினிக்குக்கா? நிஜத்தில் நடப்பதை நிஜமான இடத்தில் வைத்துப் பார்த்ததுதான் அந்த ஆய்வின் பலம் என்பது என் கருத்து. பிறகு ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்டு பல்கலைக்கழகத்தில், நிபுணர்கள் இருக்கும் இடத்திலேயே ஒப்பிட்டார்கள். அங்கேயும் இரண்டரை வருஷ முடிவில் ஹால் முறைதான் முந்தி நின்றது.

இதோடு கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று நடந்து 2020இல் முடிவு வந்தது. 72 கிளினிக்குகள், மூன்று முதல் ஏழு வயது வரை 1,144 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ராவி அடைப்பது, இன்னொரு பிரிவுக்கு ஹால் கேப் போல மூடிவிடுவது, மூன்றாவது பிரிவுக்குத் துலக்குவது, இனிப்பைக் குறைப்பது, ஃபுளோரைடு பூசுவது என்ற தடுப்பு மட்டும். முதல் இரண்டு பிரிவுக்கும் தடுப்பு உண்டு. ஏறக்குறைய மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்ததில், எந்தப் பிரிவானாலும் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து குழந்தைகளுக்கு வலியோ சீழோ வந்தே தீர்ந்தது. பிரிவுகளுக்குள் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

எங்களுக்கு இது கசப்பான முடிவு. ஆனாலும் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காகவே அந்தக் குழுவை நான் கும்பிடுவேன். ஒரு பல்லுக்கு எது நல்லது என்பது ஒரு கேள்வி, ஒரு குழந்தைக்கு வலி வராமல் இருக்குமா என்பது வேறு கேள்வி. சொத்தை ஏற்கெனவே ஆழமாகப் போன பிறகு வந்தால், நாங்கள் எந்த வழியில் போனாலும் ஓரளவுக்குத்தான் காப்பாற்ற முடிகிறது. முதல் பல் முளைத்ததும் வாருங்கள், ஒரு வயதுக்குள் ஒரு தடவை காட்டுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். சில்வர் டையமின் ஃபுளோரைடு என்று ஒரு மருந்து இருக்கிறது. ஒரு சொட்டு எடுத்துச் சொத்தைமேல் தடவினால் பெரும்பாலும் அது மேற்கொண்டு அரிக்காமல் நின்றுவிடும். சீனாவின் குவாங்சோவில் 375 மழலைப்பள்ளிக் குழந்தைகளிடம் முப்பது மாதம் சோதித்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று உண்டு, தடவிய சொத்தை கறுத்துப்போகும். முன்பல் என்றால் சில தாய்மார்கள் வேண்டாம் என்கிறார்கள், அதுவும் பெண் குழந்தை என்றால் உறவுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நியூயார்க் பள்ளிகளில் இதே மருந்தை வைத்து நடந்த ஆய்வில், பல் சுகாதாரப் பணியாளர்கள் தடவினாலும் நர்ஸ்கள் தடவினாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. இதைப் படித்ததும் எனக்கு நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அங்கன்வாடியில் வைத்து அவர்கள் தடவினால் எப்படி இருக்கும்? நியூயார்க் பதிலை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. நம் பிள்ளைகள் சாப்பிடுவது வேறு. தண்ணீரும் வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல் கறைபட்டுப்போனதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? இங்கே நம் பிள்ளைகளிடமே பார்த்தால்தான் நமக்கான பதில் கிடைக்கும்.

அப்படிப் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். "என் பிள்ளையை வைத்துச் சோதனை பண்ணுவீங்களா?" என்று கோபப்படும் பெற்றோரை எனக்குப் பிடிக்கும், அவர்கள் பிள்ளைமேல் கண்ணாக இருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடேயே கேள்விகளையும் கேளுங்கள். ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் அறநெறிக் குழு இதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா? என் பிள்ளைக்கு எந்த வைத்தியம் என்று யார் முடிவு செய்வார்கள்? நடுவில் வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாமா, அப்படி விலகினாலும் வழக்கமான வைத்தியம் கிடைக்குமா? ஏதாவது கெடுதல் ஆனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? ஏழு வயது தாண்டிய பிள்ளை என்றால் அதனிடமும் அதற்குப் புரிகிற மாதிரிச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. கேட்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இலிருந்து இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். உங்களிடம் கையெழுத்துக் கேட்கும் ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கே தேடிப் பாருங்கள். எத்தனை குழந்தைகளைச் சேர்க்கப் போகிறார்கள், எதை அளக்கப் போகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். வலியை அளக்கிறார்களா, குழந்தையிடம் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.