பொதுமன்னிப்பு வேறு, மன்னிப்பு வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். இன ஒடுக்குமுறையிலிருந்து மீண்ட ஒரு நாட்டுக்குத் தேவை மன்னிப்பா, தண்டனையா என்ற வழக்கில், மன்னிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். இந்தத் தலைப்புக்குக் காரணமான ஆவணப்படம், 2000-ஆம் ஆண்டில் ஃபிரான்சிஸ் ரீடும் டெபோரா ஹாஃப்மனும் இயக்கிய 'லாங் நைட்ஸ் ஜர்னி இன்டு டே', வெள்ளையர் இனவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்த நான்கு வழக்குகளைப் பின்தொடர்கிறது. அவற்றில் ஒன்றிலேயே நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், "கொலைகாரனை அரசே மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது, செத்தவனைப் பெற்றவளிடம் யார் கேட்டார்கள்?" என்றார். நெஞ்சில் தைக்கும் கேள்விதான். ஆனால், 1995-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கொடுத்ததை நாம் தமிழில் பொதுமன்னிப்பு என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் மன்னிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் இரண்டும் ஒன்றே என்று மயங்கிவிடுகிறோம். அந்தச் சட்டம் யாரையும் வருந்தச் சொல்லவில்லை, யார் காலிலும் விழச் சொல்லவில்லை. 1960 மார்ச் முதல் 1994 மே வரை அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு இல்லை, மறைத்தால் வழக்கு உண்டு என்பதே அதன் உடன்பாடு. 7,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பெரும்பாலோருக்கு அது மறுக்கப்பட்டது. அரசால் தர முடிந்தது அவ்வளவுதான். மன்னிப்பு அரசின் கையில் இருக்கும் பொருளே அல்ல.

அது யார் கையில் இருந்தது என்பதை குகுலேத்துவில் காணலாம். கேப் டவுனை ஒட்டிய அந்தக் கறுப்பினக் குடியிருப்பில் 1986 மார்ச் 3-ஆம் நாள் ஏழு இளைஞர்களைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். பயங்கரவாதிகள் செத்தார்கள் என்றது அரசு. சிந்தியா ங்கேவு என்ற தாய், தன் மகன் கிறிஸ்டோஃபரின் இடுப்பில் கயிறு கட்டி இழுப்பதைத் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துத்தான் அவன் இறந்துபோனதை அறிந்தார். இரண்டு முறை மரண விசாரணை நடந்தது; இரண்டு முறையும் காவலர்கள் மேல் குற்றமில்லை என்றே முடிந்தது. நண்பர் நம்பச் சொல்லும் நீதிமன்ற வழி அந்தத் தாய்மார்களுக்குக் கொடுத்தது இதைத்தான்.

ஆணையம் தோண்டிய பிறகே, விலாக்பிளாஸ் என்ற பண்ணையிலிருந்து இயங்கிய ரகசியக் கொலைப்படையின் ஆட்கள் விடுதலைப் போராளிகளாக நடித்து அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து, ஆயுதம் கொடுத்துப் பழக்கி, பிறகு பொறியில் தள்ளிக் கொன்றார்கள் என்பது வெளியே வந்தது. காவல்துறை எடுத்த வீடியோவை விசாரணையில் போட்டபோது தாய்மார்கள் கதறினார்கள். ஒருவர் காலணியைக் கழற்றிக் காவலர்கள் மேல் எறிந்தார். அந்தக் காலணியையும் நான் என் அணியின் சான்றாகவே வைக்கிறேன், ஏனென்றால் உண்மை தெரிந்தவருக்குத்தான் அதை யார் மேல் எறிவது என்று தெரியும்.

கொன்றவர்களில் ஒருவரான கறுப்பினக் காவலர் தபேலோ ம்பேலோ அந்தத் தாய்மார்களைச் சந்திக்க விரும்பினார். ஓர் அறையில் அவர்கள் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். தன் இனத்தையே விற்றவன் என்ற ஆத்திரத்தைத் தாய்மார்கள் மறைக்கவில்லை. சிந்தியா ங்கேவு மட்டும் அவர் பெயரை எடுத்துக்கொள்கிறார். "தபேலோ என்றால் பிரார்த்தனை என்று பொருள். அந்தப் பெயருக்கேற்ப நடக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. என் கிறிஸ்டோஃபருக்கும் உன் வயதுதான். உன்னை மன்னிக்கிறேன், மகனே" என்கிறார். எல்லாத் தாய்மார்களும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் அவர்களை வற்புறுத்தவும் இல்லை.

தண்டனையே நீதி என்பதற்குச் சான்றாகக் கண்ணகியை அழைத்தார் நண்பர். பாண்டியன் அவையில் அவள் சிலம்பை உடைத்தது, தன் கணவன் கள்வன் அல்லன் என்பதை ஊரறிய நிறுவத்தான். என் மகன் பயங்கரவாதி அல்லன் என்று ஊரறியச் செய்ய குகுலேத்துத் தாய்மார்கள் பத்தாண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பரலை எடுத்துக் காட்டியது ஆணையம்.

வழக்கு நடத்தியிருக்கலாமே என்பீர்கள். நடத்தினார்கள். 1987-இல் குவாமகுதா என்ற ஊரில் 13 பேர் கொல்லப்பட்டதற்காக முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மாக்னஸ் மலானையும் மற்றவர்களையும் 1996-இல் கூண்டில் ஏற்றினார்கள். பல மாத விசாரணைக்குப் பின் அனைவரும் விடுதலையானார்கள். அதே ஆண்டில் விலாக்பிளாஸ் தளபதி யூஜின் டி காக்குக்கு இரண்டு ஆயுள் தண்டனையும் 212 ஆண்டுச் சிறையும் கிடைத்தன. அந்தத் தண்டனையைக் கண்ட அச்சமும் பலரை ஆணையத்திடம் வாய் திறக்க வைத்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய ஆட்சியின் ராணுவமும் காவல்துறையும் துப்பாக்கியைக் கீழே வைக்காதிருந்த 1993-இல், எல்லோரையும் தூக்கில் போடுவோம் என்று சொல்லியிருந்தால், எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 தேர்தல் நடந்திருக்குமா?

கடைசியாக, இனவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய கிராடாக் நால்வரைச் சொன்னார் நண்பர். 1985 ஜூன் 27 இரவு கொல்லப்பட்ட அந்த நால்வரின் வழக்கில் ஆறு காவல் அதிகாரிகளுக்கு 1999-இல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது. ஆறு பேரும் தண்டனையே இல்லாமல் இறந்துபோனார்கள். எனக்கும் வயிறு எரிகிறது. அவர்களைத் தப்பவிட்டது மன்னிப்பு அல்ல, நண்பரே. மறைத்தால் வழக்கு உண்டு என்ற உடன்பாட்டின் மறுபாதியை நிறைவேற்றாமல் விட்ட அரசுகள். நால்வரில் ஒருவரான ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி நொமொண்டே கலாட்டா, 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் மண்டபத்தில் சாட்சி சொல்லும்போது பின்னால் சாய்ந்து எழுப்பிய ஓலத்தில் விசாரணையே நின்றது. மீண்டும் கூடியபோது பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, நாங்கள் என்ன தவறு செய்தோம் என்று கேட்கும் போராட்டப் பாடலைத் தொடங்கி, மண்டபமே சேர்ந்து பாடியது. 2025-இல் அந்த மரணங்களின் விசாரணை மீண்டும் தொடங்கியிருக்கிறது. மன்னியுங்கள் அம்மா என்று நொமொண்டே கலாட்டாவிடம் நான் கேட்கமாட்டேன். கொடுப்பதும் மறுப்பதும் அவர் உரிமை. நன்றி, நடுவர் அவர்களே.