தட்டில் சோறு, அட்டையில் எடை

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளையுண்டாகியிருக்கும் பெண்ணுக்கு, "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று முதல் மாதமே ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுகிறது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்ததும், "குழந்தை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம், குறைச்சுக்கோ" என்கிறார்கள். இரண்டுமே அன்பில் சொல்வதுதான். ஆனால் உடம்பின் கணக்கு இதற்கு நேர்மாறு. முதல் மூன்று மாதத்தில் கூடுதல் சாப்பாடு அநேகமாகத் தேவையே இல்லை. கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை வேகமாக எடை போடுகிறது. அப்போது சாப்பாட்டைக் குறைத்தால் எடை குறைந்த பிள்ளை பிறக்கலாம்.

எவ்வளவு எடை கூடலாம்? கர்ப்பத்துக்கு முன்பிருந்த உடம்பைப் பொறுத்தது. ஐந்தடி உயரமுள்ள பெண் 43 கிலோவுக்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். 43-லிருந்து 58 வரை இருந்தால் 11.5 முதல் 16 கிலோ. அதற்கு மேலே 70 கிலோ வரை 7 முதல் 11.5, அதையும் தாண்டியவர்களுக்கு 5 முதல் 9 கிலோ போதும். இரட்டைக் குழந்தை என்றால் கணக்கு வேறு. முதல் மூன்று மாதத்தில் மொத்தமே ஒன்று இரண்டு கிலோதான் ஏறும்; மசக்கையால் கொஞ்சம் இறங்கினாலும் பயப்பட வேண்டாம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போனால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாலாம் மாதத்திலிருந்து, சராசரி உடம்புக்கு வாரம் 400 கிராம் அளவில் ஏற வேண்டும்.

நாலாம் மாதம் முதல் தினமும் கூடுதலாகத் தேவைப்படுவது 350 கலோரி. ஒரு சிறிய டம்ளர் பால், ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை. அவ்வளவுதான்! இதையே சோறாகப் போட்டால் கலோரி வந்துவிடும், புரதம் வராது. கடைசி மூன்று மாதத்தில் புரதம் மட்டும் தினமும் 22 கிராம் அளவுக்குக் கூடுதலாக வேண்டும். நம் டெல்டாவில் குறை சோற்றில் இல்லை, சோற்றுக்குப் பக்கத்தில்தான். சாம்பாரில் கரைந்து போகும் பருப்பு கணக்கில் சேராது. கெட்டிப் பருப்பாக ஒரு கிண்ணம் வையுங்கள். விரால், கெளுத்தி, நெத்திலி, மத்தி எல்லாம் நல்லவை. சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

முருங்கைக்கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்பது பாதி உண்மை. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேராது. எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் சேர்த்தோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடித்தால் அந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கீரை எவ்வளவு தின்றாலும் மாத்திரையை விடக்கூடாது. நாலாம் மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்து விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். கால்சியத்தைக் காலையிலும் மாலையிலும் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பை இரவில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். மாத்திரையால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்பது பொய், முழுப் பொய். பச்சரிசியையும் சாம்பலையும் தின்னத் தோன்றினால் கூச்சப்படாமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ரத்தசோகையில் அப்படித் தோன்றுவதுண்டு.

எடை அளவுக்கு மீறி ஏறினாலும் ஏறாவிட்டாலும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. முதல் பரிசோதனையில் சரியாக இருந்தாலும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். வளைகாப்புச் சித்ரான்னமும் இனிப்பும் வரிசையாக வரும் காலம் அதுதான்.

ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கினால், "நல்லாப் பூசினாப்ல இருக்கா" என்று விட்டுவிடாதீர்கள். தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் இரவானாலும் கிளம்புங்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் அதே தராசில், செருப்பைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். தாய் சேய் நல அட்டையில் எடைக்கான கட்டம் காலியாக இருந்தால், கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வணக்கம்.