படத்துக்குப் பின்னால் ஒரு பெயர்

(பினாங்கில் பணி ஓய்வுபெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாரிடமும் ஒரு கேமரா இருக்கிறது. கைத்தொலைபேசியைத்தான் சொல்கிறேன். பேரப்பிள்ளையின் பிறந்தநாள், கோயில் திருவிழா, கல்யாண விருந்து என்று அதற்குள் படங்கள் நிறைந்து கிடக்கும். "நாங்கள்தான் தினமும் எடுக்கிறோமே, இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று சிலருக்குத் தோன்றலாம். நிறைய இருக்கிறது. அதையும், வேலையை விட்டு இறங்கிய பிறகு இந்தக் கலையை எதற்காகப் பழக வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் மருத்துவமனையில் தாதியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வுபெற்றவள். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தேன். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஓர் அம்மாளின் கதையைச் சொல்வது வழக்கம்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் குடியிருந்தபோது, 1863ஆம் ஆண்டின் கடைசியில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. அந்தக் காலத்தில் அது சாதாரண வயதில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. அவர் வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார், கோழிக் கூண்டைப் படப்பிடிப்பு அறையாக்கினார். அறிவியலாளர் டார்வின், கவிஞர் டென்னிசன் போன்ற பெரிய மனிதர்களெல்லாம் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். இன்று புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

அதே அம்மாள் 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறக்கும்வரை அங்கேயும் சில படங்கள் எடுத்தார். தோட்டத்தில் வேலை செய்தவர்களும் ஊர் மக்களும் அவற்றில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன நம் சனங்கள். நான் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நல்ல முகங்கள்! ஆனால் டென்னிசனுக்குப் பெயர் இருக்கிறது, டார்வினுக்குப் பெயர் இருக்கிறது. தோட்டத்து முகங்களில் அநேகமாக எதற்கும் பெயர் எழுதப்படவில்லை.

நம் ஊரிலும் இதே நிலைதான். நூறு வருஷத்துக்கு முந்திய மலாயா அஞ்சலட்டைகளைப் பாருங்கள். 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்று அச்சடித்திருக்கும். மூக்குத்தியும் தண்டையும் தெளிவாகத் தெரியும். அவள் யார், எந்தத் தோட்டம், யாருடைய பாட்டி என்பது மட்டும் இருக்காது. அவள் என் பாட்டியாகவும் இருக்கலாம், உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம்.

எனக்கு இந்தக் கலையின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் அதுதான். முகத்தோடு பெயரையும் எழுதி வைக்கக்கூடியவர்கள் இந்த ஊரில் நாம்தான். எந்தக் கடையை யார் தொடங்கினார், இப்போது யார் மகன் நடத்துகிறார், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். விலை உயர்ந்த கேமராவோடு வந்து ஒரு நாள் சுற்றிவிட்டுப் போகிற பயணிக்கு அது தெரியாது. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற சுவரோவியம் 2012இல் வரையப்பட்டது. அதன் முன்னால் நின்று படம் எடுக்க இன்றுவரை வரிசை நிற்கிறது. நிற்கட்டும், அழகான ஓவியம்தான். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். பூக்கட்டுகிறவர், மசாலா அரைக்கிறவர், சேலைக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். நான் நம்மவர்களைக் கூப்பிடுவது அந்தத் தெருவுக்கு.

அதிலும் ஓர் அவசரம் இருக்கிறது. நம் நகரமான ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பல காலமாகக் குறைந்த வாடகையில் கடை நடத்தியவர்களும் குடியிருந்தவர்களும் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பெருமையும் கிடைத்தது. கட்டடத்துக்குள் தொழில் செய்தவர்களை எந்தத் தகுதியாலும் பிடித்து வைக்க முடியவில்லை. இன்று இருக்கும் கடை அடுத்த தீபாவளிக்கு இருக்கும் என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதலில் எதையும் வாங்காதீர்கள். சேமநிதிப் பணத்தில் கேமரா வாங்குவதை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். கைத்தொலைபேசியின் கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடைத்தாலே பாதிப் படங்கள் தெளிந்துவிடும். முகத்தை வெளுப்பாக்கும் அழகு வசதி சில தொலைபேசிகளில் தானாகவே வேலை செய்யும். தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். நம் நிறத்தை மாற்றிக் காட்டும் படம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் வெளிச்சம். இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நம் ஊரில் வருஷம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் எழும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் செங்குத்தாக, வேகமாக மேலே ஏறிவிடும். ஒன்பதரை மணிக்கெல்லாம் வெளிச்சம் கூசும், கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த அதிகாலை நேரம் கிடைக்காது, நமக்குக் கிடைக்கும். அந்த நேரம் தப்பினாலும் கவலையில்லை, நம் பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை இருக்கிறது. காக்கி லீமா என்கிறோமே, அதுதான். மேலே கூரை, பின்னால் இருட்டான கடை, ஒரு பக்கம் மட்டும் திறந்த தெரு. தெருவிலிருந்து வரும் வெளிச்சம் மென்மையாக, பக்கவாட்டில் முகத்தில் விழும். காசு கொடுத்து ஸ்டூடியோவில் விளக்கு வைத்தால் கிடைக்கிற வெளிச்சம் நடுப்பகலிலும் அங்கே சும்மா கிடைக்கிறது. கடைக்காரரை வாசல் ஓரமாக வரச் சொல்லி, முகத்தைக் கொஞ்சம் தெருப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பின்னால் இருட்டாக இருப்பதால் தொலைபேசி எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும், முகம் வெளிறிப் போகும். அதற்குத் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தெரியும் சூரிய அடையாளத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். தோலின் உண்மையான நிறம் திரும்பி வரும்.

கேமராவின் கண் எவ்வளவு நேரம் திறந்து மூடுகிறது என்பதுதான் ஷட்டர் வேகம். அதைப் பழக நல்ல இடம் தெருவோர ஒட்டுக்கடைதான். தே தாரிக் என்கிற பால் டீயை உயர்த்தி ஆற்றுகிறவரை எடுத்துப் பாருங்கள். கேமராவில் 1/500 விநாடி வைத்தால் டீ காற்றில் உறைந்து நிற்கும், துளிகள் தனித்தனியாகத் தெரியும். 1/30 வைத்தால் அதுவே மெல்லிய பட்டு நூலாக நீளும். பசியாற உட்கார்ந்த நேரத்திலேயே ஒரு பாடம் முடிந்துவிடும்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். கை நடுங்குகிறதா? தூணில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டு முடிக்கும்போது அழுத்துங்கள். மங்கலாகத் தெரிகிறதா? கேமராவின் கண்பார்வைத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உங்கள் பார்வைக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளலாம். கண்ணில் புரை வளர வளர நிறங்கள் மஞ்சளாகத் தெரியும் என்பதை நான் வேலை செய்த காலத்திலேயே அறிவேன். படத்தின் நிறத்தில் சந்தேகம் வந்தால் கண்ணையும் ஒருமுறை பரிசோதியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏற வேண்டிய அவசியமே இல்லை. தைப்பூசத்தன்று அடிவாரத்திலேயே எத்தனை வேலை நடக்கிறது! எல்லாருடைய கேமராவும் காவடியைப் பார்க்கும்போது, நீங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அண்டா கழுவும் பிள்ளைகள், விடிய விடிய மோர் கலக்கும் அக்காமார்கள், வெள்ளி ரதம் வரும் வழியில் உடைந்து குவிந்த தேங்காய்களைக் கூட்டி அள்ளுகிறவர்கள். அவர்கள் இல்லாமல் அந்தத் திருவிழா இல்லை. அவர்களைப் படம் எடுத்தவர்களோ மிகக் குறைவு.

இந்தப் பழக்கம் மூளைக்கு நல்லதா என்று மருத்துவமனைத் தோழிகள் கேட்பார்கள். அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற பேராசிரியையும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. 60 முதல் 90 வயதுவரை உள்ளவர்களில் சிலருக்கு டிஜிட்டல் புகைப்படமும், சிலருக்கு ஒட்டுத்துணித் தையலும் சொல்லிக் கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு கூடிப் பேசி, வெளியே போய், பொழுதைக் கழித்தது. புதிதாகக் கற்றவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டது. கூடிப் பொழுது போக்கியவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. சிரமப்பட்டுக் கற்பதில்தான் பலன் இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே ஷட்டர் வேகம், வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, வெளிச்சத்தை உணரும் திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண் என்ற மூன்றும் முதல் மாதத்தில் தலையைச் சுற்ற வைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இனி, கேட்டு எடுப்பது. ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது பழகிய ஒழுங்கு. இங்கேயும் அதையே எதிர்பார்க்கிறேன். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் ஏதாவது வாங்கிக்கொண்டு பேசிவிட்டு வாருங்கள். இரண்டாவது முறை, "அண்ணே, நீங்க மாலை கட்டுறத ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பிள்ளைகளை எடுப்பதென்றால் தாய் தகப்பனைக் கேட்க வேண்டும். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு முன்னால் போய்க் கேமராவை நீட்டுவதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

எடுத்த படத்தைக் கடையில் கொடுத்து 4ஆர் அளவில், அதாவது நாலுக்கு ஆறு அங்குலத்தில், இரண்டு பிரதி போடுங்கள். ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுங்கள். அவர் அதைப் பார்க்கும்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். இது என் அப்பா உட்கார்ந்த பலகை, இந்தக் கத்தரிக்கோல் இந்தியாவிலிருந்து வந்தது என்று அவரே சொல்லுவார். உங்கள் பிரதியின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்: முழுப் பெயர், அவர் அனுமதித்தால் தகப்பன் பெயர், என்ன தொழில், எந்தத் தெரு, எந்தத் தேதி. பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கென்று உள்ள மெல்லிய மார்க்கர் பேனாவால் ஓரத்தில் எழுதி, மை காய்ந்த பிறகு அடுக்குங்கள். கணினியில் ஒரு பிரதி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, அதுவும் வேறொரு வீட்டில் இருந்தால் நல்லது. கேமரா வாங்கிவிட்டவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

வீட்டில் இருக்கும் பழைய ஆல்பங்களையும் மறக்காதீர்கள். அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த கடைசி ஆள் நீங்களாகவே இருக்கலாம். அதை இன்று இரவே ஆரம்பிக்கலாம், சூரிய வெளிச்சம்கூடத் தேவையில்லை.

வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்பேன். ஒன்பதரைவரை நடப்போம், பிறகு பசியாறப் போகலாம். தொலைபேசி, துடைக்க ஒரு துணி, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், உட்கார்ந்தபடியே எடுக்க வசதியான ஒரு பூக்கடை இருக்கிறது. கடைக்கார அண்ணனிடம் பேசி வைத்திருக்கிறேன், ஸ்டூலும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.