நடவுக்கு வந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவன்.

எங்கள் டெல்டாவில் நாற்றுப் பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள். தலைமுறையாக இதுதான் வழக்கம். இப்போது மேற்கு வங்கத்து ஆண்கள் வந்து நடுகிறார்கள். குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேர். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு விடியற்காலையில் வயலில் இறங்கினால் பறிப்பு, நடவு இரண்டையும் முடித்துவிட்டுத்தான் கரையேறுகிறார்கள். ராத்திரி மோட்டார் கொட்டகையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார்கள்.

"நூறு நாள் வேலை வந்தது, ஆள் கிடைக்காமல் போச்சு" என்று டீக்கடையில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் 2006-ல் அந்தத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே அறுவடை இயந்திரம் எங்கள் வயலுக்கு வந்துவிட்டது. அறுப்பு, கட்டுத் தூக்குவது, களத்தில் அடிப்பது, தூற்றுவது என்று நாள்கணக்கில் நடந்த வேலை ஒரு காலைப்பொழுதில் முடிகிறது. களைக்கு மருந்து வந்துவிட்டது. கையால் செய்கிற வேலை என்று மிச்சம் இருப்பது நடவுதான். அதுவும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊர் முழுக்க நாற்று விடுகிறோம். இருபத்தைந்து நாளில் குறுவை நாற்று தயார். முற்றினால் பக்கத்தில் கிளை விட்டுத் தூர் கட்டாது, காத்திருக்க முடியாது. அந்தப் பதினைந்து நாளைக்கு ஊர் ஆள் போதாது, மற்ற நாளில் ஊர் ஆளுக்கு வேலை கிடையாது. அப்படியிருக்க, பிள்ளைகள் திருப்பூர் போனதைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

நாற்பது வருடம் எங்கள் வயலில் நட்ட ஒரு அக்கா போன வருடம் கேட்டார்: "அவங்களுக்கு ஏக்கர் கணக்குல பேசுறீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் தம்பி நாள் கூலி?" நியாயமான கேள்வி. இந்தக் குறுவைக்கு அவர் குழுவுக்கும் ஏக்கர் கணக்கில்தான் பேசினேன். இரண்டு வயல் அவர்கள் நட்டார்கள், மூன்று வயல் வங்கத்துக்காரர்கள் நட்டார்கள்.

அந்த வங்கத்துப் பையன்களில் ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். மருத்துவமனையில் பெயர், ஊர், வயது கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் இருந்தது மேஸ்திரியின் போன் நம்பர் மட்டும்தான், அதையும் அவர் எடுக்கவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஜனங்களும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்கள்தானே. அங்கே காய்ச்சலில் படுத்தவர்களின் பெயரை யார் கேட்டிருப்பார்கள்?

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் சட்டமே போட்டார்கள். வயல்வரப்பில் அதன் சுவடு தெரியவில்லை. அதனால் விவசாயிகளான உங்களிடம் நேராகவே கேட்கிறேன். குழு வந்து இறங்கிய அன்றே ஒவ்வொருவர் பெயரையும், வீட்டு போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்தாலும், ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று நின்று பாருங்கள். தங்கும் இடத்தில் ஒரு கழிப்பறை, குடிக்க நல்ல தண்ணீர். அவர்களுடைய ரேஷன் அட்டைக்கு இங்கேயே அரிசி வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்தே நம் மாநிலத்தில் அதற்கு வழி இருக்கிறது. கடை வரைக்கும் ஒரு நடை கூடப் போய்வாருங்கள், அவர்களுக்குப் பாஷை தெரியாது.

சம்பா நடவுக்கு அதே குழு வருவதாகச் சொல்லியிருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் கழிப்பறைக்குக் குழி தோண்டியாகிவிட்டது.