பிளாக் மவுண்டன் கல்லூரியில் அப்படி என்னதான் கற்றுக்கொடுத்தார்கள்?

நேயர் ஒருவரின் கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "கலை, அப்போது யாரும் நம்பாத தொழில்நுட்பம், மன ஆராய்ச்சி எல்லாம் ஒரே இடத்தில் நடந்த கல்லூரி ஒன்று அமெரிக்காவில் இருந்தது என்று சொன்னீர்கள். கட்டாயப் பாடம்கூட இல்லையென்றால் அங்கே என்னதான் செய்தார்கள்? தியானப் பள்ளி மாதிரியா? இப்போதும் நடக்கிறதா? என் மகளுக்குப் பதினாறு வயது, அவளுக்காகத்தான் கேட்கிறேன்."

சரி. நான் சொன்னது பிளாக் மவுண்டன் கல்லூரியைப் பற்றி. வட கரோலினாவில் ஆஷ்வில் ஊருக்குப் பக்கத்தில், மலைகளுக்கு நடுவே 1933-ல் தொடங்கினார்கள். புளோரிடாவில் ஒரு கல்லூரி வேலையை விட்டு நீக்கிய ஜான் ரைஸ் என்ற பேராசிரியரும், அவரோடு வெளியே வந்த சிலரும் சேர்ந்து ஆரம்பித்தது. கல்லூரி ஆசிரியர்களுக்கே சொந்தம். ஆசிரியரும் மாணவரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள், சேர்ந்தே வயலில் இறங்கினார்கள். 1941-ல் பக்கத்திலேயே இருந்த ஈடன் ஏரிக்கரைக்கு மாறியபோது, அங்கே தங்களுக்கு வேண்டிய பெரிய கட்டிடத்தையும் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

தியானப் பள்ளி இல்லை. ஓவியம் கற்றுக்கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். அவர் அங்கே வேலை பார்த்த பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளி நாஜிகளின் நெருக்கடியில் மூடப்பட்ட அதே வருடம் அவர் இங்கே வந்து சேர்ந்தார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "கண்களைத் திறக்க" என்று மட்டும் சொன்னார். அவர் வகுப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், உங்கள் மகளுக்குப் பயன்படும்.

தொழில்நுட்பம் என்று நான் சொன்னது பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற வடிவமைப்பாளர் விஷயத்தை. 1948 கோடையில் வந்தார். அன்றைக்குப் பலர் அவரை ஒரு மாதிரியான ஆள் என்றுதான் பார்த்தார்கள். தூணே இல்லாமல், முக்கோணங்களால் மட்டும் நிற்கும் ஒரு குவிமாடம் கட்டப்போவதாகச் சொன்னார். 48 அடி விட்டம். கையில் பணம் இல்லை, அதனால் ஜன்னல் மறைப்புக்குப் போடும் மெல்லிய பட்டைகளை வைத்தே வேலையைத் தொடங்கினார்கள். பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் புல்தரையில் விரித்து, எண் பார்த்து, சந்திக்கிற இடங்களில் ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். எல்லாம் இணைந்ததும் அது எழும்பி நிற்க வேண்டும். எழும்பவே இல்லை. கூடி நின்று பார்த்தவர்கள் அதற்கு 'மல்லாந்து படுத்த குவிமாடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த கோடையில் ஃபுல்லர் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார். இந்த முறை சின்னதாகக் கட்டினார், நின்றது. அதன் கம்பிகளைப் பிடித்து ஆட்கள் தொங்கும் புகைப்படம்கூட இருக்கிறது. 1967-ல் மான்ட்ரியால் கண்காட்சியில் அமெரிக்கா எழுப்பிய பெரிய கோளம் அந்த வழியில் வந்ததுதான். முதல் தடவை படுத்துவிட்டது என்று அவரை யாரும் துரத்திவிடவில்லை. எனக்கு இந்தக் கல்லூரியைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

ஓவியம் படிக்க வந்து ஃபுல்லருக்கு உதவியாளராக ஆன கென்னத் ஸ்னெல்சன் என்ற மாணவரையும் சொல்லாமல் விட முடியாது. குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், கம்பியின் இழுவிசையில் மட்டும் அந்தரத்தில் நிற்கும் ஒரு சிற்பத்தை அவர் செய்து காட்டினார். 'டென்செக்ரிட்டி' என்று அதற்குப் பெயர் கொடுத்துப் பிரபலமாக்கியது ஃபுல்லர். தன் பெயர் பின்னால் போய்விட்டதே என்ற வருத்தம் ஸ்னெல்சனுக்குக் கடைசிவரை இருந்தது. என் மனது ஸ்னெல்சன் பக்கம்தான்.

அப்புறம் மன ஆராய்ச்சி. இசையமைப்பாளர் ஜான் கேஜும் அங்கே வந்து போனவர். 1946-ல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க்கில் அவரிடம் மேல்நாட்டு இசை கற்றார், பதிலுக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்க, மனத்தை அமைதியாக்கி, தெய்வீகமானது உள்ளே வர இடம் கொடுப்பதற்கு என்று தன் குரு சொன்னதைக் கீதா சொன்னார். அந்தப் பதில் கேஜைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத ஓர் அறைக்குள் போய் நின்றார். நிசப்தத்தைக் கேட்கப் போனவருக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன. இரண்டும் அவருடைய உடம்புக்குள்ளிருந்து வந்தவை.

1952 கோடையில் பிளாக் மவுண்டன் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஒருவர் ஏணியில் ஏறிப் படிக்க, ஒருவர் ஆட, ஒருவர் பியானோ வாசிக்க, மேலே ராபர்ட் ரௌஷன்பெர்க்கின் வெறும் வெள்ளை ஓவியங்கள் தொங்கின. எல்லாம் ஒரே நேரத்தில். அங்கே இருந்தவர்கள் பின்னாளில் ஆளுக்கொரு விதமாக அதைச் சொன்னார்கள், ஏனென்றால் எதைக் கவனிப்பது என்பது அவரவர் கையில் இருந்தது. அந்த ஆகஸ்டில்தான் வுட்ஸ்டாக்கில், வாசிப்பவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத அவருடைய 4 நிமிடம் 33 விநாடி இசை முதன்முதலாக மேடையேறியது. மன ஆராய்ச்சி என்று நான் சொன்னது இதைத்தான்: கவனம் எங்கே போகிறது, காது எதை விட்டுவிடுகிறது என்று தன்னையே பார்ப்பது.

இப்போது கல்லூரி இல்லை. அங்கீகாரம் கடைசிவரை கிடைக்கவில்லை, பணமும் இல்லை, ஆசிரியர்களுக்குள் சண்டைகளும் நிறைய. 1957-ல் மூடிவிட்டார்கள். அதன் நினைவாக ஆஷ்வில்லில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஆல்பர்ஸ் வகுப்பை உங்கள் வீட்டில் நடத்தலாம். புடவைக் கடையில் ரவிக்கைத் துணி எடுக்கும்போது பார்த்திருப்பீர்கள், ஒரே துணி இந்தப் புடவை மேல் ஒரு நிறம், அந்தப் புடவை மேல் வேறு நிறம். அதைத்தான் அவர் வண்ணக் காகிதங்களை வைத்து மாணவர்களைச் செய்ய வைத்தார். பளிச்சென்ற மஞ்சள் காகிதம் ஒன்று, கருநீலம் ஒன்று வாங்குங்கள். ஒரே சாம்பல் நிறக் காகிதத்திலிருந்து இரண்டு சின்னச் சதுரங்கள் வெட்டி, மஞ்சளின் நடுவில் ஒன்று, கருநீலத்தின் நடுவில் ஒன்று என்று வையுங்கள். மஞ்சள் மேல் இருப்பது கறுத்துத் தெரியும், நீலத்தின் மேல் இருப்பது வெளுத்துவிடும். மகளைக் கூப்பிட்டு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒரே காகிதம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.