வட்டவடைக் கேரட்டில் ஓர் ஐஸ்கிரீம் தட்டு

எல்லாருக்கும் வணக்கம். வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டது, அதனால் இன்றைக்கு வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்து வந்தால் எங்கள் வட்டவடை. கேரளாவில் இடுக்கி மாவட்டம், ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் தமிழ்தான்.

இந்த முறத்தைப் பாருங்கள். கேமராவைக் கீழே இறக்குகிறேன். இது காலையில் சித்தப்பா பறித்த கேரட். இதற்கு இரண்டு கால். இது நுனி முறிந்தது. மண்ணுக்குள் வேர் இறங்கும்போது கல் தட்டினால் இப்படிப் பிரிந்துவிடும். மூட்டை பிடிக்க வந்த வியாபாரி இதையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதம் தண்ணீர் கட்டி, களை எடுத்து, பன்றிக்குக் காவல் இருந்து வளர்த்தது. போன வாரம் இரண்டு மூட்டை மாட்டுக்குப் போனது. எனக்கு அது பொறுக்கவில்லை. கடித்துப் பார்த்தால் நேராக இருக்கும் கேரட்டுக்கும் இதற்கும் ருசியில் துளி வித்தியாசம் கிடையாது. அதனால் இன்றைக்கு இந்தக் கழிவுக் கேரட்டை ஐஸ்கிரீமாக்கி, நல்ல தட்டில், தனியாக, ராஜா மாதிரி உட்கார வைக்கப் போகிறேன்.

அல்வா செய்யலாமே என்று கேட்பீர்கள். அல்வாவில் பாலும் நெய்யும் ஏலக்காயும்தான் முன்னால் நிற்கும், கேரட் நிறம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எனக்குக் கேரட் ருசிக்க வேண்டும். ஏலம் விளையும் மலையில் இருந்துகொண்டே சொல்கிறேன், இதில் ஏலக்காய் வேண்டாம்.

சரி, அளவு. தோல் சீவிய கேரட் 500 கிராம், முதல் தேங்காய்ப்பால் 400 மில்லி, மறையூர் வெல்லம் 150 கிராம், கூவைக்கிழங்கு மாவு (ஆரோரூட்) ஒன்றரை மேசைக்கரண்டி, நெய் ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, அரை எலுமிச்சம்பழம். இங்கே கடையில் சர்க்கரை என்று கேட்டால் இந்தக் கறுத்த வெல்ல உருண்டைதான் வரும், வெள்ளைக்குச் சீனி என்று கேட்க வேண்டும். கையால் உருட்டியது, பாருங்கள், விரல் தடம்கூடத் தெரிகிறது. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்புக் கரிக்காது, அதுதான் எனக்கு முக்கியம்.

கேரட்டை வேகவைக்க ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாதீர்கள். 100 கிராம் கேரட்டில் 88 கிராம் ஏற்கெனவே தண்ணீர்தான். அந்தத் தண்ணீர்தான் உறைந்து பல்லில் நறநறவென்று கடிபடும். மெல்லிசாக நறுக்கி, நெய்யில் உப்புப் போட்டு, மூடி வைத்துச் சிறுதீயில் 20 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து ஈரம் சுண்டும் வரை கிளறுங்கள். நெய் மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். கேரட்டின் நிறம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது.

வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அதோடு கேரட்டை மிக்சியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். சோம்பல்படாமல் தேயுங்கள். கூவை மாவைச் சூடில்லாத தேங்காய்ப்பாலில் கரைத்த பிறகு அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு நின்றால் இறக்கிவிடலாம். தளதளவென்று கொதிக்க விட்டால் கூவை மறுபடி இளகிவிடும். இந்த மாவு எதற்கு என்றால், மிச்சமிருக்கும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஐஸ் பெரிதாகக் கட்டாது. எல்லாம் ஆறியதும் ஒன்றாகக் கலந்து எலுமிச்சை பிழிந்து ருசி பாருங்கள். இப்போது ஒரு படி அதிகமாக இனிக்க வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும்.

வெல்லத்தைக் குறைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். குறைக்காதீர்கள். இனிப்பு இருந்தால்தான் உறைநிலை இறங்கும், ஃப்ரீசரில் கல்லாக இறுகாது, சற்று வெளியே வைத்தால் கரண்டி இறங்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. மார்கழி, தையில் இங்கே புல்மேல் உறைபனி படியும். அப்போது மண்ணுக்குள் இருக்கும் கேரட், தான் உறைந்துபோகாமல் இருக்கத் தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். குளிர்காலக் கேரட் அதனால்தான் அவ்வளவு இனிப்பு. நாம் டப்பாவுக்குள் செய்கிற அதே வேலையை அது மண்ணுக்குள் செய்துகொண்டிருக்கிறது.

கலவையை இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். காலையில் எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓரத்தில் கட்டியதைச் சுரண்டி நன்றாக அடித்துவிடுங்கள். மூன்று தடவை. பிறகு ஆறு மணி நேரம் தொடவே கூடாது. போன மாதம் நான் செய்தபோது நடுவில் கரன்ட் போய், பாதி உருகி, மறுபடி உறைந்தது. வாயில் வைத்தால் ஆற்று மணல். உருகி உறையும்போது சின்னச் சின்ன ஐஸெல்லாம் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிடும். உங்களுக்கும் அப்படி ஆனால் கொட்டிவிடாதீர்கள், மிக்சியில் ஒரு சுற்று விட்டு மறுபடி உறையவைத்தால் சரியாகிவிடும்.

இனி தட்டு. அகலமான கறுப்புத் தட்டு எடுத்திருக்கிறேன், கால் மணி நேரமாக ஃப்ரீசரில் இருந்தது. வெறும் தட்டில் ஐஸ்கிரீம் வழுக்கும், அதனால் கீழே பொருபொருவென்று ஏதாவது வேண்டும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை நெய்யில் சிவக்க வறுத்து, வெல்லத்தூள் பிரட்டி வைத்திருக்கிறேன். நடுவில் வேண்டாம், சற்று இடப்பக்கம் தள்ளி ஒரு பிடி. இப்போது ஐஸ்கிரீம். டப்பா வெளியே வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. கரண்டியை வெந்நீரில் முக்கி, துடைத்து, மேலாக ஒரே இழுப்பு. பார்த்தீர்களா, தானாகச் சுருண்டு முட்டை வடிவில் வருகிறது! இரண்டாவது இழுப்பு இழுத்தால் கலைந்துவிடும்.

மேலே இந்தச் சுருள். கேரட்டைத் தோல்சீவியால் நீளமாகச் சீவி, சீனிப்பாகில் மூன்று நிமிடம் விட்டு, கரண்டிக் காம்பில் சுற்றி அடுப்படி மேடையில் காயவைத்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடி மாதிரி ஊடே தெரிகிறது, நரம்புகூடத் தெரிகிறது. ஒன்று போதும். வெல்லப்பாகு மூன்று சொட்டு. கடைசியாகக் கேரட் தழையில் இளங்கொழுந்து ஒன்று. சாப்பிடலாம், லேசான கசப்பு, இனிப்புக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும். இதற்குமேல் எதையும் வைக்காதீர்கள், முந்திரியும் செர்ரியும் வைக்கக் கை பரபரக்கும்.

பீட்ரூட்டில் செய்வதானால் தோலோடு முழுசாக வேகவையுங்கள், எலுமிச்சையைக் கூட்டுங்கள், அதற்கு மண்வாசனை அதிகம். சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்து நிறையவே இருக்கிறது, கூவை வேண்டாம்.

சித்தப்பா வந்துவிட்டார். இதைக் கழித்துப் போட்ட கேரட்டில் செய்தது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ஓரத்தில் உருக ஆரம்பித்துவிட்டது, முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.