கண்ணாடி விரியனுக்கு ஒரு புரோட்டீன்

(காட்பாடி பக்கம் ஒரு காலேஜ்ல பயோடெக் பசங்ககிட்ட பேசுனது)

தம்பிங்களா, பாப்பாங்களா, வணக்கம். உங்கள்ல நெறைய பேருக்கு புரோட்டீன் டிசைன்ல, அதாவது இயற்கையில இல்லாத புரோட்டீன கம்ப்யூட்டர்ல வடிவமைச்சு லேப்ல செய்ற வேலையில, பிஎச்டி பண்ண ஆசை, ஆனா அமெரிக்கா போனாதான் அது நடக்கும்னு நெனைக்கிறீங்கன்னு உங்க சார் சொன்னாரு. அதப் பத்திதான் பேச வந்தேன்.

2003ல சியாட்டில்ல டேவிட் பேக்கர் லேப்ல டாப்7னு ஒரு புரோட்டீன டிசைன் பண்ணி செஞ்சாங்க, 93 அமினோ அமிலம், இயற்கையில எங்கயும் பாக்காத வடிவம். 2024ல கெமிஸ்ட்ரி நோபல்ல பாதி அவருக்கு, மீதி, புரோட்டீன் எப்படி மடியும்னு கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டு ஏஐக்காக ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனா ஒரு புரோட்டீன் மாடல் சரியா இருக்கான்னு இன்னிக்கும் செக் பண்ற படம் 1963ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ராமச்சந்திரன் குழு போட்டதுங்கறத மறந்துடாதீங்க.

இப்ப நம்ம பக்கம் வாங்க. மல்லாட்டக் கொல்லையில வேல செய்றவங்களுக்கு பாம்புக்கடின்னா இன்னான்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 2025 ஜனவரியில பேக்கர் லேபும் மத்த குழுக்களும் சேந்து நேச்சர்ல ஒரு பேப்பர் போட்டாங்க, நல்லபாம்பு வகையறா விஷத்துல இருக்குற மூணு விரல் மாதிரி வடிவமுள்ள டாக்ஸின (விஷப் புரோட்டீன) புடிச்சு அடக்குற குட்டி புரோட்டீன கம்ப்யூட்டர்லயே டிசைன் பண்ணி, எலிக்கு குடுத்து உயிர காப்பாத்தியிருக்காங்க. படிச்சப்ப எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல. ஆனா கண்ணாடி விரியன் விஷம் வேற ரகம், அதுல பாஸ்போலிப்பேஸ், புரோட்டியேஸ்னு நொதிங்கதான் மெயின், ரத்தம் உறையாம போயி கிட்னி அடிவாங்கும். அந்த டிசைன் இதுக்கு ஆகாது. சியாட்டில்ல கண்ணாடி விரியன் கெடையாது, இந்தக் கேள்விய நாமதான் எடுக்கணும்!

சாஃப்ட்வேர் பிரச்சனையே இல்ல. புது வடிவத்த உருவாக்குற ஆர்எஃப்டிஃப்யூஷன், அந்த வடிவத்துக்கு அமினோ அமில வரிசை எழுதுற புரோட்டீன்எம்பிஎன்என் ரெண்டும் ஃப்ரீ, அது எப்படி மடியும்னு கணிக்கிற கோலாப்ஃபோல்டு பிரவுசர்லயே ஓடும். ஆனா ஸ்கிரீன்ல அழகா மடிஞ்சு நிக்கிறது, ஈ.கோலை பாக்டீரியாவுல செஞ்சு பாத்தா கட்டிகட்டியா திரண்டு அடியில உக்காந்துடும், இல்ல டார்கெட்ல ஒட்டவே ஒட்டாது, அப்ப மறுபடி மொதல்லேர்ந்து. அதனால கைடு தேடும்போது லேபோட பேர மட்டும் பாக்காதீங்க, டிசைன செஞ்சு டெஸ்ட் பண்ற வசதி அங்க இருக்கா, இல்ல பக்கத்து லேபாவது கை குடுக்குமா, சீனியருங்க எத்தன வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு அவங்ககிட்டயே போன் போட்டு கேளுங்க.

காசு விஷயம். பிஎச்டி பண்றவங்களுக்கு குடுக்குற ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023லேர்ந்து மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு சீனியர் ஃபெல்லோ (எஸ்ஆர்எஃப்) ஆனா 42,000, பிஎச்டி முடிச்சப்புறம் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேல. "எப்பதான் வேலைக்கு போவ"ன்னு வீட்ல கேப்பாங்க, அது நியாயமான கேள்வி, சேரும்போதே அப்பா அம்மாவ உக்கார வெச்சு கணக்க சொல்லிடுங்க. நல்ல கம்பெனி கூப்ட்டா போறதும் தப்பில்ல. ஆனா பாம்புக்கடி ஏழைங்க வியாதி, அதுல லாபம் பெருசா இல்ல, அத யுனிவர்சிட்டி லேபுங்க எடுக்கலன்னா வேற யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நான் உறுதியா நம்புறேன்.

பெங்களூர்ல ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ்னு ரெண்டு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, காலையில காட்பாடியில ட்ரெயின் ஏறுனா மத்தியானத்துக்குள்ள போயிடலாம். சயின்ஸ் அகாடமிங்க நடத்துற சம்மர் ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணுங்க, புடிச்ச லேபோட ஒரு பேப்பர முழுசா படிச்சு, அதுல புரியாத ஒரு எடத்தக் கேட்டு அந்தப் புரொஃபசருக்கு மெயில் போடுங்க. மெயில நீங்களே எழுதுங்க, சின்னதா இருந்தா போதும்.